சரக்குக்கு முன்னால் முத்திரை

அக்டோபர் 8, புதன்

காலை முதல் மூட்டம். மழை இல்லை. ஆயுத பூஜை.

செய்தவை: யுபிஎஸ் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர். பிரிண்டருக்குப் புது ரிப்பன். சர்வருக்குச் சந்தனம், குங்குமம், வலப்பக்கம் மட்டும். இடப்பக்கம் காற்றுத் துளைகள் இருக்கின்றன என்று மன்றாடிக் காப்பாற்றினேன். மானிட்டருக்கு மாலை.

முதலாளி (இனி மு.) ஆண்டுதோறும் சொல்வதை இன்றும் சொன்னார். "இன்னிக்கு ஒரு மெசினும் ஓடக் கூடாதுங்க. வருசம் பூரா நமக்காக ஒழைக்குது. ஒரு நாளாவது அதுக்கு ஓய்வு குடுக்கோணுமுங்க." போன ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்த்த டெய்லர்கள் பக்தியோடு கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

சர்வரை முறைப்படி நிறுத்தலாம் என்று நாற்காலியிலிருந்து எழுந்தேன். அதற்குள் எல்லாம் இருட்டு. அயர்னிங் பக்கமிருந்து "பத்தி கயீ!" என்று ஒரு ஹிந்திக் குரல்; கரண்டு போச்சாம். எலக்ட்ரீஷியன் இஸ்மாயில் பாய் மெயினை இறக்கி, கையோடு யுபிஎஸ்ஸையும் அணைத்துவிட்டார்.

"ஏன் பாய், யுபிஎஸ்ஸை எதுக்கு?"

"அதுவும் மெசின்தானுங்களே சார். ஒண்ணு உடாம நிறுத்துன்னாருங்க மொதலாளி."

தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

பூஜைக்குக் கடைசியாக வந்தது இராக்கினி. பேக்கிங்கில் கம்ப்யூட்டர் என்ட்ரி அவர்தான். உடன்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் சோமனூரில் தறி ஓட்டுகிறார். "கடைசி லாட்டு முச்சூடும் ஏத்திட்டேன் சார். ‘சேவ்டு’ன்னு வந்துச்சு, எந்திரிச்சேன், கரண்டு போயிட்டு" என்றார். சுண்டலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குங்குமத் தட்டு வந்தபோது அதை அடுத்தவருக்கு நகர்த்திய விதத்தில் ஒரு மரியாதை இருந்தது.

அந்தச் சரக்கு நேற்றே லாரி ஏறிவிட்டது. என்ட்ரி எப்போதும் ஒரு நாள் பின்தங்கும். தீபாவளி மாதம்.

வீட்டில் தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொல்ல வேண்டும்.


அக்டோபர் 10, வெள்ளி

தூறல். நொய்யல் இன்று ஊதா. சாயப்பட்டறைகளிலும் பூஜை நல்லபடியாக முடிந்தது போலும்.

சர்வர் முனகாமல் எழுந்தது. காய்ந்த சந்தனம் உதிர்ந்தது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

டீ வருவதற்குள் ஜி.எம். நாச்சிமுத்து வந்து நின்றார். கையில் கடைசி லாட்டின் பேக்கிங் லிஸ்ட். ஒவ்வொரு கார்ட்டனுக்கும் எதிரே ‘சீல் ஆனது’ என்று இருக்கிறது. உள்ளே எத்தனை பீஸ்? பூஜ்யம். அடுத்தது? பூஜ்யம். லாட் முழுவதும்.

"ஏனுங்க சார், உள்ள என்ன இருக்குதுன்னு அடிக்காம உங்க புரோகிராம்ல சீல் போட முடியுமுங்களா?"

"முடியவே முடியாதுங்க."

பெருமையோடுதான் சொன்னேன். அந்தப் புரோகிராமில் நான் பெருமைப்படக்கூடிய ஒரே விதி அது: முதலில் சரக்கு எழுதப்படும், பிறகுதான் முத்திரை. முறை மாறாது.

நாச்சிமுத்து மெதுவாகத் தலையாட்டினார். "அப்பொ சரக்கை அடிச்சு, சீலும் போட்டு, அதுக்கப்பறமா சரக்கை மட்டும் ஆரோ அழிச்சிருக்குது." ஆரோ என்றாலும் ஆள் ஒன்றுதான். அந்த லாட்டைத் திறக்கும் கடவுச்சொல் இராக்கினியிடம் மட்டும்.

மேற்படி ஜி.எம். போன வாரம் பழைய பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் நம் கரடிப் படம் போட்ட குழந்தைச் சட்டையைப் பார்த்தாராம். திருப்பூர் நடைபாதையில் எக்ஸ்போர்ட் சட்டை விற்பதைக் கண்டுபிடித்த முதல் மனிதர். இரண்டையும் கூட்டி ஒரு திருட்டு செய்துவிட்டார்.

இராக்கினியைக் கூப்பிட்டார்கள்.

"நா ஏன் சார் அழிக்கணும்? களவாங்கணும்னா சீலையுஞ் சேத்துல்லா அழிச்சிருப்பேன்?"

"பாத்தீங்களா" என்றார் ஜி.எம். என்னிடம் திரும்பி. "எப்படி அழிக்கோணும்னு யோசிச்சு வெச்சிருக்குது."

என்ட்ரிக்கு ஆதாரமான துண்டுச் சீட்டுகளைக் கேட்டேன். ‘சேவ்டு’ வந்ததும் அவை குப்பை என்பது நடைமுறை. அந்தக் குப்பையும் பூஜைக்காகப் பெருக்கி, வேஸ்ட் துணியோடு எரித்தாயிற்று. ஹால் அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

கன்டெய்னரைத் திறந்து எண்ணினால் தெரிந்துவிடுமே என்று மு.விடம் போய்ச் சொன்னேன். மு. முகம் வெளிறியது. தூத்துக்குடியில் சீல் வைத்து நிற்கிறது; திறந்தால் கப்பல் போய்விடும், பையர் காதுக்கும் போகும், அமெரிக்காவில் பேங்குகள் விழுகிற நேரம். ஆகவே கப்பல் போய்ச் சேர்ந்து, வெள்ளைக்காரர் பெட்டியைப் பிரிக்கும்வரை இராக்கினி எடுத்தவர்.

சாப்பாட்டு மணி அடித்ததும் ஜி.எம். பேக்கிங் ஹால் நடுவில் நின்று அறிவித்தார். "சரக்குக் கணக்குல தப்புப் பண்ணுன ஆளை நிறுத்தியிருக்கறமுங்க. மத்தவங்களும் பாத்து நடந்துக்குங்க." திருடி என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. தேவைப்படவில்லை. எல்லாரும் இராக்கினியின் காலி நாற்காலியைப் பார்த்தார்கள்.

மு. கருணையுள்ளவர். போலீஸுக்குத் தீபாவளி கழித்துப் போகலாம் என்றார்.


அக்டோபர் 11, சனி

வெயில். பல்வலி, இடது கடைவாய். கிராம்பு.

சம்பள நாள். வரிசையில் கேட்டது:
"எல்லாம் இந்தத் தெக்கத்தியாளுக வந்ததுல இருந்துதாங்க."
"சும்மா இரப்பா, நானுந்தான் தெக்கத்தியான்."
"உன்னையச் சொல்லலீங்க. பொதுவாச் சொன்னேன்."

கடைசி லாட்டின் கோப்பை மீண்டும் திறந்து பார்த்தேன். யோசனை: நம் புரோகிராமில் ஒரு வரியை அழித்தால் அது மறையாது, ‘அழிக்கப்பட்டது’ என்று ஒரு குறி விழும். இங்கே குறியே இல்லை. கோப்பின் நீளம் சரியாக இருக்கிறது, எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்கள். கட்டிய வீட்டை இடித்த மாதிரி இல்லை; மனை அளந்து விட்டு வீடே கட்டாத மாதிரி.

ஜி.எம்.மிடம் சொன்னேன். "கெட்டிக்காரிங்க. தடங்கூட வெக்கல பாருங்க" என்றார். இந்த மனிதரிடம் எந்த ஆதாரமும் வீணாவதில்லை.

மாலை பஸ் ஸ்டாப்பில் இராக்கினி. பேச வேண்டாம் என்பது போல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நானாகப் போய்க் கேட்டேன்.

"பக்கத்துக் கம்பெனி கேட்டுல போயி நின்னேன் சார். பேரைக் கேட்டாவ, சொன்னேன். ஆள் எடுக்கலன்னுட்டாவ. போர்டுல ‘ஆட்கள் தேவை’ன்னு தொங்குது."

வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு ஒண்ணுமே கேக்கல சார். அதான் பயமா இருக்கு."


அக்டோபர் 12, ஞாயிறு

மழை, காலையில் மட்டும். தண்ணீர் லாரி வந்தது.

பகல் முழுவதும் பிரவுசிங் சென்டரில். பக்கத்துப் பெட்டியில் ஒருவர் ஜாதகம் பொருத்திக்கொண்டிருந்தார். நானும் ஒரு வகையில் அதுதான்.

புரிந்ததை எழுதி வைக்கிறேன், நாளை மு.விடம் சொல்ல வேண்டும்.

டிஸ்க் ஒரு சோம்பேறிக் குமாஸ்தா. எழுதச் சொன்னதை உள்ளே சுழலும் தட்டில் உடனே எழுதுவதில்லை. தன் சின்ன நினைவில் வாங்கி வைத்துக்கொண்டு ‘ஆயிற்று’ என்று சொல்லிவிடும். பிறகு தனக்கு வசதியான வரிசையில், கைக்குப் பக்கத்தில் இருப்பதை முதலில், தொலைவில் இருப்பதைப் பின்னால் எழுதும். மின்சாரம் இருக்கும்வரை இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. நடுவில் போனால், பின்னால் வந்த முத்திரை தட்டில் ஏறியிருக்கும். முன்னால் வந்த சரக்கு காற்றோடு போயிருக்கும்.

இதைத் தடுக்க, கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டத்துக்கு ஒரு வழி உண்டு. பேரியர் என்கிறார்கள். நம் ரயில்வே கேட்தான்: முன்னால் வந்ததெல்லாம் தட்டில் ஏறி முடியட்டும், அதுவரை பின்னால் வருவது நிற்கட்டும். ஆனால் எல்லா டிஸ்க்கும் கேட்டை மதிக்காது. மதிக்குமா என்று ஃபைல் சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும்?

அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஜாதகக்காரர் திரும்பிப் பார்த்தார். அது டிஸ்க்கிடம் தகுதிச் சான்றிதழ் கேட்பதில்லை. சாம்பிள் கேட்கிறது! டிஸ்க்கைப் பொறுப்பேற்கும் நேரத்தில் பேரியரோடு ஒரே ஒரு எழுத்தை எழுதச் சொல்லிப் பார்க்கும். சரியாக முடித்தால் சாம்பிள் அப்ரூவ்டு. அன்று முதல் முக்கியமான எழுத்துக்கெல்லாம் பேரியர். ‘அந்த வசதி இல்லை’ என்று திரும்பி வந்தால்? ஆர்டரை ரத்து செய்யும் என்றுதானே நினைப்போம். இல்லை. ‘பேரியர் நிறுத்தப்பட்டது’ என்று ஒரு வரி குறித்து வைத்துவிட்டு, பேரியர் இல்லாமலே முழு ஆர்டரையும் கொடுத்துவிடும். சாம்பிள் ஃபெயில், புரொடக்‌ஷன் ஓகே. நம் ஊரில் இரண்டு சீசன் வேலை பார்த்த ஒருவர்தான் இதை எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு வகை டிஸ்க்கும் உண்டாம். சாம்பிளுக்கு ‘சரி, செய்துவிட்டேன்’ என்று சொல்லும், செய்திருக்காது. அதை ஃபைல் சிஸ்டத்தால் பிடிக்க முடியாது. கேட்கத்தான் முடியும், உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. ஓடும்போது வயரைப் பிடுங்கிப் பார்ப்பது ஒன்றே வழி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கீழே நாலு பேர் அவரைத் திட்டியிருக்கிறார்கள். பிடுங்கிப் பார்த்ததாக யாரும் எழுதவில்லை.

சாந்தியிடம் சொன்னேன். மனைவியாயிற்றே, பொறுமையாகக் கேட்டாள். "அப்பொ மொதலாளி பண்ணுன பூஜையாலதான் கெட்டுச்சுன்னு அவருகிட்டயே போயிச் சொல்லப் போறீங்க."

"ஆமா."

"வேற ஊட்டுக்கு அட்வான்ஸ் விசாரிக்கட்டுங்களா? இந்த ஊட்டு வாடகை கட்டுபடியாகாதுங்க."


அக்டோபர் 13, திங்கள்

மூட்டம். பல் பரவாயில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினேன். திரையில் ஓடும் வரிகளை இந்த முறை படித்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் டீ குடிப்பேன். இருக்கிறது. சோதனை எழுத்து தோற்றது, பேரியர் நிறுத்தப்படுகிறது. ஒவ்வொரு தொடக்கத்திலும் சொல்லியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் நான் டீ குடித்திருக்கிறேன்.

ஆனால் ‘இல்லை’ என்று சொன்னது டிஸ்க் அல்ல. அதே டிஸ்க்கின் ஜோடி ஒன்று அலமாரியில் இருக்கிறது. அதை ஒரு பழைய கம்ப்யூட்டரில் நேராக மாட்டிக் கேட்டேன். சாம்பிள் பாஸ். பிறகு புரிந்தது. சர்வரில் இரண்டு சின்ன டிஸ்க்குகளை ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்ட நடுவில் ஓர் அடுக்கு போட்டிருக்கிறேன். ஃபைல் சிஸ்டம் கேட்பது அந்த நடு அடுக்கை. அதற்குப் பேரியரைக் கீழே கடத்தத் தெரியாது. எனவே கீழே இருப்பவர்களைக் கேட்காமலே ‘ஆகாதுங்க’ என்றுவிட்டது. ஏஜென்ட் தனக்குத் தெரியாத வேலையை யூனிட்டால் ஆகாது என்று சொல்கிற மாதிரி. யூனிட் தயாராகத்தான் இருந்தது.

மு. அறை.

"ஏனுங்க சார், கம்ப்யூட்டர் பொய் சொல்லுமுங்களா?"

"பொய் சொல்லாதுங்க. எழுதாததை எழுதிட்டேன்னு சொல்லுமுங்க."

"அதுக்குப் பேரு என்னங்க?"

சாம்பிள் கதையைச் சொன்னேன். அது அவருக்கு உடனே பிடிபட்டது. சாம்பிள் என்றால் இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் புரியும். ஆனால் கதை எங்கே போய் முடிகிறது என்பதும் அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்தார்.

"மெசினுக்கு ஓய்வு குடுத்ததால கெட்டுச்சுன்னு சொல்றீங்களா?"

"ஓய்வால இல்லீங்க. சொல்லாம கொள்ளாமக் குடுத்ததாலங்க."

"அறுபது வருசமா எங்க ஊட்ல பூஜை பண்றமுங்க. அப்பொ தறி. ஒரு நூலு அறுந்ததில்லீங்க."

தறிக்கு ஞாபகசக்தி இல்லாதது எவ்வளவு நல்லது என்று சொல்ல நினைத்தேன். அதற்குப் பதிலாக, வயரைப் பிடுங்கிக் காட்டுகிறேன் என்றேன். புதன்கிழமை மத்தியானம் வருவதாகச் சொன்னார்.

ஜி.எம். வராந்தாவில் மடக்கினார். "அந்தப் புள்ளைக்காக எதுக்குங்க இவ்வளவு மெனக்கெடறீங்க?" கேள்வியில் ஒரு சிரிப்பு இருந்தது. பதில் சொன்னால் சிரிப்புக்கு மரியாதை கொடுத்ததாகும்.


அக்டோபர் 14, செவ்வாய்

மழை.

சோதனைக்கு ஏற்பாடு. முதல் கம்ப்யூட்டரில் சர்வரில் போட்ட அதே நடு அடுக்கு. அது ஓயாமல் ஜோடி ஜோடியாக எழுதும்: ஒரு சரக்கு, அதன் முத்திரை, அடுத்த சரக்கு, அதன் முத்திரை. ஒவ்வொரு ‘ஆயிற்று’க்கும் இரண்டாவது கம்ப்யூட்டரில் குறிப்பு ஏறும். அது பேட்டரியில் நிற்கும், சாகாது. முதலாவதன் வயரைப் பிடுங்குவது, மீண்டும் தொடங்குவது, சொன்னதும் இருப்பதும் பொருந்துகிறதா என்று பார்ப்பது.

தனியாகப் பழகிப் பார்த்தேன். பிடுங்கினேன், எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி, சரி. மறுபடி, சரி. ஒரு தவறு நடக்க வேண்டும் என்று இவ்வளவு ஆசையோடு நான் காத்திருந்ததில்லை.

பிறகு ஒரு தடவை வந்தது. மறுபடி வரவில்லை.

நாளை மு. முன்னால் அது வராவிட்டால் இராக்கினி எடுத்தவர்தான், நான் அவருக்காக வக்காலத்து வாங்கியவன்.


அக்டோபர் 15, புதன்

வெயில், புழுக்கம்.

மு., ஜி.எம்., இஸ்மாயில் பாய். இராக்கினியும் வர வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன், கதவருகே நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை, நான் ஸ்டூலை நகர்த்தினேன், அவர் உட்காரவில்லை.

வயரை மு. கையாலேயே பிடுங்கச் சொன்னேன். "சாக் அடிக்காதுங்களே?" பிடுங்கினார். தொடங்கினோம். எல்லாம் சரி.

"நல்லாத்தானுங்க இருக்குது மெசின்" என்றார் ஜி.எம்.

"எப்பவும் வராதுங்க. சில தடவைதான் வரும்."

"பேய் மாதிரிங்களா?"

மறுபடி. சரி. மு. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கதவுப் பக்கம் பார்க்கத் துணிவில்லை. அப்போதுதான் தோன்றியது: பூஜையன்று இராக்கினி ஒரு லாட் முழுவதையும் மொத்தமாக ஏற்றினார், இங்கே நான் ஒன்றொன்றாகச் சொட்டவிடுகிறேன். மொத்தமாக அள்ளிக் கொட்டும்படி மாற்றினேன். இன்னும் ஒரே ஒரு தடவை என்று கேட்டேன். கெஞ்சினேன் என்பதே சரி.

மு. பிடுங்கினார்.

இரண்டாவது கம்ப்யூட்டர்: எல்லாம் ஆயிற்று, ஆயிற்று, ஆயிற்று. முதலாவது எழுந்ததும்: முத்திரை இருக்கிறது, சரக்கு பூஜ்யம். முத்திரை இருக்கிறது, சரக்கு பூஜ்யம். கீழே வரை.

பேக்கிங் லிஸ்ட்டை அருகில் வைத்தேன். அதே முகம்.

மு. கையிலிருந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நான் புடுங்குனதாலங்களா?"

"ஆமாங்க."

"அன்னிக்குப் புடுங்கச் சொன்னதும் நாந்தானுங்களே."

இஸ்மாயில் பாய் கூரையைப் பார்த்தார்.

நடு அடுக்கை எடுத்துவிட்டுப் பேரியரோடு காட்டினேன். ஜி.எம். ஆசைதீரப் பிடுங்கினார், ஒன்றும் காணாமல் போகவில்லை. தோற்ற முகம் இல்லை அவரிடம். "அப்பொ அந்த நடுவுல இருந்ததை வெச்சது ஆருங்க?"

"நாந்தானுங்க."

"அது வேலைக்காகாதுன்னு தெரியாதுங்களா?"

"தெனமும் திரையில சொல்லியிருக்குதுங்க. நான் படிக்கல."

இந்த வாரத்தில் அவர் சரியாகக் கேட்ட ஒரே கேள்வி.

மு. எழுந்தார். "அந்தப் புள்ளயை நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லீருங்க. அது மேல தப்பில்லீங்க." கதவருகே நின்றவரைத் தாண்டித்தான் வெளியே போனார். ஆனால் சொன்னது என்னிடம்.

"ஹால்ல எல்லார் முன்னாலயும் அறிவிச்சதுங்க" என்றேன் பின்னால் போய். "இதையும் அப்படியே சொல்லோணுமுங்க."

"சொல்லீரலாமுங்க."

இராக்கினி என்னைக் கேட்டார். "எல்லார் முன்னயும் சொல்லுவாவளா சார்?"

"சொல்றேன்னிருக்காரு."

"அப்பம் வாரேன். சொல்லாட்டி நா அந்த நாற்காலில எப்படி சார் இருப்பேன்?"


அக்டோபர் 16, வியாழன்

தூறல்.

காலையில் சர்வரிலும் நடு அடுக்கை நீக்கினேன். அது முடியும்வரை எல்லாரும் என் அறை வாசலில். வாங்க வேண்டியவை: பெரிய டிஸ்க், சோப்பு, மண்ணெண்ணெய், கிராம்பு.

முடிந்ததும் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சன்டைசர்கள் படையெடுப்பு. "என்னங்க சார், சிஸ்டம் ஆமை மாதிரி போகுது?" இப்போது எழுதிய பிறகுதான் எழுதிவிட்டேன் என்கிறது, அதனால்தான் தாமதம் என்று விளக்கினேன். "முன்ன மாதிரியே வெச்சுருங்க சார், அதுதான் நல்லா இருந்துச்சு."

மு.வை மாடிப்படியில் பார்த்தேன். "சொல்லிட்டீங்களாங்க?"

"ஆச்சுங்க. சொல்லியாச்சு. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

நிம்மதி. நல்ல மனிதர். சாந்தியிடம் சொன்னேன். இரவு சாப்பாடு ருசித்தது.


அக்டோபர் 17, வெள்ளி

மழை விட்டுவிட்டது.

ரிப்பன் மாற்றப் பேக்கிங் ஹாலுக்குப் போனேன். இராக்கினி நாற்காலியில் இருந்தார். அவர் மேஜையைச் சுற்றி ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் எல்லாப் பக்கமும் காலி. வழக்கமாக அங்கே கார்ட்டன்களை ஏறிக் கடக்க வேண்டியிருக்கும். டிபன் பாக்ஸ் திறந்திருந்தது, பக்கத்தில் யாரும் இல்லை. என்னைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

செக்கிங் மேஜையில் மூத்தவர் மாராத்தாள். "ஏனுங்கக்கா, மொதலாளி வந்து பேசுனாரா?"

"மொதலாளியா? இங்கீங்களா? பூஜைக்கு வந்ததோட செரிங்க."

"ஜி.எம்.?"

"அவரு ஏனுங்க வாராரு? இந்தப் புள்ளயை எதுக்குங்க சார் மறுபடி உள்ள உட்டிருக்கறாங்க? போலீசு வார வரைக்கும் கண்ணு முன்னால இருக்கட்டும்னுங்களா?"

மாடி ஏறினேன்.

மு.: "ஜி.எம்.கிட்டச் சொல்லிட்டேனுங்களே. அவரு சொல்லியிருப்பாருங்க."

ஜி.எம்.: "பேக்கிங் சூப்பர்வைசர்கிட்டச் சொல்லியாச்சுங்க. என்னோட வேல முடிஞ்சுதுங்க."

சூப்பர்வைசர்: "சொல்லோணுமுங்க சார். கூட்டம் கூடுறப்பச் சொல்லலாம்னு மனசுல வெச்சிருக்கேனுங்க."

மூவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் கையில் கொடுத்த உடனே ‘ஆச்சு’ என்றிருக்கிறார்கள்.

திரும்பவும் ஜி.எம். அறைக்குப் போய், நானே சொல்லட்டுமா என்று கேட்டேன். "உங்க வேல சிஸ்டம் பாக்கறதுங்க சார். ஹாலைப் பாக்கறதுக்கு ஆளு இருக்குது. அப்பறம் உங்க இஷ்டமுங்க." அந்தக் கடைசிச் சொல் இந்த ஊரில் எச்சரிக்கை என்று எனக்குத் தெரியும்.

டீ நேரம். ஹால் நடுவில் போய் நின்றேன். மேடைப் பேச்சு பழக்கமில்லை. டம்ளர்கள் நின்றன.

எப்படிச் சொல்வது என்று படியிறங்கும்போது யோசித்து வைத்த அழகான வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. சொன்னது இவ்வளவுதான்: பூஜையன்று கரண்டைத் திடீரென்று நிறுத்தியதில் கம்ப்யூட்டர் பாதி எழுதி பாதி விட்டுவிட்டது. அதை நானும் முதலாளியும் பிடுங்கிப் பார்த்துவிட்டோம். இராக்கினி அடித்ததெல்லாம் சரி. அவர் எதையும் அழிக்கவில்லை, எடுக்கவில்லை. தப்பு கரண்டை நிறுத்தினதிலும் என் செட்டிங்கிலும்.

மாராத்தாள்: "அப்பொ சரக்கை ஆருங்க சார் எடுத்தது?"

"யாரும் எடுக்கலீங்கக்கா."

"காணோம்னாங்களே?"

"சரக்கு பொட்டிக்குள்ளதான் இருக்குதுங்க. எழுத்துதான் காணோம்."

பின் வரிசையில் ஒரு குரல்: "எழுத்தை வித்தா என்ன வெலைங்க போகும்?" சிரிப்பு. மாராத்தாள் சிரித்தவனை முறைத்தார். பிறகு தன் டீயை எடுத்துக்கொண்டு போய் இராக்கினியின் மேஜையோரம் நின்றபடி குடித்தார்.

ஜி.எம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். விரலால் என்னைக் கூப்பிட்டார்.

கிளம்பினேன். இராக்கினி எழுந்து வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்துச் சங்கடத்தோடு தலையசைத்தேன்.

"சார், அயர்னிங்ல ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. அங்க ஸ்டீம் சத்தம். அவ்வளோ பேரும் எங்க வீட்டுக்காரரு வார அதே பஸ்ஸுலதான் வாராவ. அங்கயும் ஒருக்கச் சொல்லிருங்க."

ஜி.எம். விரல் காத்திருக்கட்டும் என்று முதலில் அயர்னிங் பக்கம் போய்ச் சொன்னேன். அங்கிருந்த பீகார்க்காரர்களுக்கு மட்டும் புரியவில்லை. இஸ்மாயில் பாயைக் கூப்பிட்டு ஹிந்தியில் சொல்லச் சொன்னேன்.